டிஸ்கைப் படித்துவிட்டு பிரேக் பேடை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் மவுண்டன் பைக் (மலைச் சைக்கிள்) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மலையில் ஓட்டுபவர்கள் உடனே மாற்ற வேண்டிய பாகங்கள் என்று நடுவில் ஒரு கட்டம் போட்டிருந்தீர்கள். சக்கரத்தின் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பேட்களில், வண்டியோடு வந்த ரெசின் (பிசினால் இறுக்கிய) பிரேக் பேடைக் கழற்றிவிட்டு உலோகப் பேடைப் போட்டுக்கொள்ளுங்கள் என்பது அதில் முதல் ஆலோசனை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அந்த ஆலோசனை எல்லா வண்டிக்கும் பொருந்தாது. பொருந்தாத வண்டியில் செய்தால் என்ன ஆகும் என்பதை இரண்டு வாரங்களுக்கு முன்பு கோத்தகிரிச் சாலையில் கண்ணால் பார்த்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கோவையில் ஒரு பம்புசெட் தொழிற்சாலையின் தரப்பரிசோதனைப் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். வயது 58. என் மகன் வெளியூர் வேலைக்குப் போனபோது விட்டுச்சென்ற மவுண்டன் பைக்கை ஆறு ஆண்டுகளாக நான்தான் ஓட்டுகிறேன், நான்தான் பராமரிக்கிறேன். எங்கள் பகுதியில் பதினைந்து பேர் ஞாயிறுதோறும் சேர்ந்து போகிறோம். மேட்டுப்பாளையம் வரை வேன். அங்கிருந்து இளையவர்கள் கோத்தகிரி வரை மிதித்து ஏறி, தேயிலைத் தோட்ட மண்பாதைகளில் சுற்றிவிட்டுத் தார்ச்சாலையில் இறங்குவார்கள். நான் வழியில் உள்ள குஞ்சப்பனை வரை ஏறி அங்கேயே காத்திருப்பேன்.

அன்றும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். காலையில் தூறி விட்டிருந்தது. மேலே உள்ள வளைவில் முதலில் கேட்டது சத்தம்தான். இரும்புத் தகட்டை அரத்தால் இழுப்பதைப் போன்ற சத்தம். அடுத்து எங்கள் குழுவின் கல்லூரி மாணவன் ஒருவன் வருவது தெரிந்தது. இரண்டு பிரேக் பிடியையும் ஹேண்டில்பாரோடு ஒட்ட இழுத்துப் பிடித்திருக்கிறான், வண்டி நிற்கவில்லை. நல்ல வேளையாக எதிரே பஸ் எதுவும் வரவில்லை. சாலையோர மண்மேட்டில் தானாகவே கொண்டுபோய் ஏற்றி விழுந்தான். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஓடிப்போய்த் தூக்கியபோது அவன் சொன்ன முதல் வார்த்தை, "அம்மா, பேட் புதுசுதானே, போன ஜூனில்தானே மாற்றினேன்?" என்பதுதான்.

வண்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்து அன்று மாலையே முன்சக்கரத்தைக் கழற்றினேன். பேட் உலோகப் பேட்தான், பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. தேய்ந்திருந்தது டிஸ்க். கனம் அளக்கும் மைக்ரோமீட்டர் கருவியில் 1.42 மில்லிமீட்டர் காட்டியது. அந்த டிஸ்கிலேயே குறைந்தபட்சக் கனம் 1.5 என்று பொறித்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில், சேறு காய்ந்து மறைத்திருந்த இடத்தைத் துணியால் துடைத்தபோது, பொடி எழுத்தில் இன்னொரு வரி தெரிந்தது: 'ரெசின் பேட் ஒன்லி'.

இதைத்தான் தங்கள் கட்டுரை சொல்லவில்லை. நடுத்தர விலையிலும் அதற்குக் கீழும் விற்கும் வண்டிகள் பலவற்றில் வருவது ரெசின் பேடுக்கென்றே செய்த டிஸ்க். அதன் எஃகு சற்று மென்மையானது. உலோகப் பேட் என்பது உலோகத் தூளை அழுத்திச் சூட்டில் இறுக்கிச் செய்தது. எங்கள் தொழிற்சாலையில் சின்டர் புஷ் என்போமே, அதே முறை. மழையிலும் சேற்றிலும் அது நீடித்து உழைக்கும், சூட்டைத் தாங்கும், உண்மைதான். ஆனால் மென்மையான டிஸ்கோடு சேர்த்தால் அது டிஸ்கைத் தின்றுவிடும். மெலிந்த டிஸ்க் சூட்டை வாங்கிக்கொள்ள முடியாமல் நெளியும். நெளிந்த டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளும். அப்போது பிடியை இழுத்தால் முதல் பாதி வெற்று இழுப்பாகப் போய்விடும். அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். இறக்கம் 1,400 மீட்டருக்கு மேல். அவ்வளவு உயரத்தின் வேகத்தில் பிரேக் அடக்குவதெல்லாம் இரண்டு மெல்லிய தகடுகளில் சூடாகத்தான் இறங்க வேண்டும்.

மவுண்டன் பைக் பிறந்த இடத்திலேயே இந்தச் சூடு ஒரு பாதைக்குப் பெயர் கொடுத்திருக்கிறது. கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்கு அருகே, 1976 அக்டோபர் 21ஆம் தேதி, பழைய கனத்த சைக்கிள்களில் ஒரு மலைச்சரிவுப் பந்தயம் தொடங்கியது. மூன்று கிலோமீட்டர் சொச்சம் மண்பாதை, ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம். அந்த வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஒருமுறை இறங்கினாலே ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். கழற்றி மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். கிரீஸை மறுபடி அடைப்பதற்கு ஆங்கிலத்தில் ரீபேக் என்று சொல்வார்கள். அந்தப் பாதைக்கும் பந்தயத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. இந்த விளையாட்டின் முதல் தலைமுறை ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு தன் பிரேக்கைத் தானே பிரித்துப் பார்த்தது என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பையன் உலோகப் பேட் போட்டது தங்கள் கட்டுரையைப் பார்த்து அல்ல. கட்டுரை வருவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே போட்டுவிட்டான். எங்கள் குழுவில் அனுபவசாலி ஒருவர் சொன்னார், அவர் வண்டிக்கு அது நன்றாக இருந்தது, இவனும் போட்டான். சொன்னவருக்குக் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அவருடைய டிஸ்க் வேறு, இவனுடைய டிஸ்க் வேறு, அவ்வளவுதான். ஆர்வலர்கள் கூடும் இடமெல்லாம் எனக்கு வருத்தம் தருவது இதுவே. "கியர் சத்தம் போடுகிறது" என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் நான்கு பேர் நான்கு பாகங்களின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். செயின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, டிஸ்க் எத்தனை மில்லிமீட்டர், பேடில் எவ்வளவு மிச்சம் என்று ஒருவரும் கேட்பதில்லை. தொழிற்சாலையில் அளக்காமல் ஒரு ஷாஃப்டை நான் நிராகரித்திருந்தால் அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

இதைச் சொல்லும் நானே முதல் இரண்டு ஆண்டுகள் என் மகனுடைய வண்டியில் எதையும் அளக்கவில்லை. செயினுக்கு எண்ணெய் விட்டால் போதும் என்று நினைத்தேன். ஒருநாள் ஏற்றத்தில் செயின் பல்லின் மேல் ஏறி வழுக்கத் தொடங்கியது. புதுச் செயின் வாங்கிப் போட்டேன்; முன்னைவிட மோசமாக வழுக்கியது. பழைய செயினோடு சேர்ந்து, பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கான கேசட்டின் பற்களும் தேய்ந்து, புதுச் செயின் உட்காராத வடிவத்துக்குப் போய்விட்டிருந்தன. முன்பல்சக்கரமும் அப்படியே. தொள்ளாயிரம் ரூபாய்ச் செயினோடு முடிந்திருக்க வேண்டிய செலவு ஐந்தாயிரத்தைத் தாண்டியது. 26 ஆண்டுகள் மற்றவர்கள் செய்த பொருளை அளந்தவள், மகன் விட்டுப்போன ஒரு பொருளை அளக்காமல் கெடுத்தேனே என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதன் பிறகு மாதம் ஒருமுறை அளக்கிறேன். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பட்டறையில் கிடைக்கும் 12 அங்குலத்துக்கு மேற்பட்ட ஸ்டீல் ரூல் போதும். செயினில் ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். எல்லா கியர் சைக்கிளுக்கும் இதே கணக்கு. எனவே 24 இடைவெளிகளை எண்ணினால் புதுச் செயினில் சரியாக 304.8 மில்லிமீட்டர் வர வேண்டும். வண்டியைத் தொங்கவிட்டு (எங்கள் வீட்டில் ஊஞ்சல் கொக்கியில் கயிறு கட்டி சீட்டை மாட்டிவிடுகிறேன்), பெடலை இலேசாக அழுத்தி மேல் செயினை விறைப்பாக்கிக்கொண்டு, அந்தப் பகுதியில் அளக்க வேண்டும். செயின் நீண்டுவிட்டது என்பார்கள், தகடு நீள்வதில்லை. பின்னும் அது சுழலும் துளையும் தேய்ந்து ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை அளவு இடைவெளி விழுகிறது. 24 மயிரிழைகள் சேரும்போது ரூலில் தெரிகிறது. 11, 12 கியர் கேசட் உள்ள வண்டியில் 306.3ஐத் தொட்டால் செயினை மாற்றிவிடுங்கள். 8, 9, 10 கியர் என்றால் 307 வரை ஓட்டலாம். அதற்கு மேல் ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் கேசட்டைத் தேய்க்கிறது. ரூலில் கால் மில்லிமீட்டர் படிக்கக் கண் ஒத்துழைக்காதவர்களுக்குச் செயின் கேஜ் என்று ஒரு சிறு தகடு விற்கிறார்கள். எங்கள் தொழிலில் 'கோ, நோ-கோ' கேஜ் இருப்பது போலத்தான். உள்ளே விழுந்தால் செயின் முடிந்தது, விழாவிட்டால் ஓட்டலாம்.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இருக்கிறார். அவருடைய 8 கியர் வண்டியில் கியர் ஒழுங்காக விழவில்லை என்று நகரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். 12 கியருக்கு மாற்றிவிடுங்கள், பதினெட்டாயிரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். குழுவிலும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். "ஏனுங்க அம்மணி, மாற்றிவிடலாமா?" என்று கேட்க வந்தார். செயினை அளந்தேன்: 305.8. அதில் ஒரு குறையும் இல்லை. வண்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டீரெய்லரை ஃபிரேமோடு சேர்த்துத் தாங்கும் ஹேங்கர் உள்பக்கமாக வளைந்திருந்தது. காரின் பின்னால் வண்டியைக் கியர் பக்கமாகப் படுக்க வைத்திருக்கிறார். ஹேங்கர் வேண்டுமென்றே மெல்லிய அலுமினியத்தில் செய்யப்படுவது. அடிபட்டால் அது வளைந்து ஃபிரேமைக் காப்பாற்ற வேண்டும். ஐந்நூறு ரூபாய்க்குள் புது ஹேங்கர் போட்டோம், கியர் வரிசையாக விழுந்தது. 12 கியருக்குப் போவதென்றால் கேசட்டோடு முடியாது. பின் ஹப்பில் கேசட் உட்காரும் உடலே பல கம்பெனிகளின் 12 கியருக்கு வேறு வடிவம்; ஷிஃப்டர், டீரெய்லர், செயின் எல்லாம் மாற வேண்டும், சில வேளை சக்கரமே மாற வேண்டும். ஆசைப்பட்டு மாற்றுபவர்கள் மாற்றட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. வளைந்த ஒரு துண்டு அலுமினியத்துக்கு மருந்தாக அதை எழுதிக் கொடுக்கக் கூடாது.

செயினுக்கு எதை விடுவது என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், மோட்டார்சைக்கிளிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய் எல்லாம் எங்கள் குழுவில் நடக்கிறது. கறுப்பு எண்ணெயை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இன்ஜினில் தேய்ந்த பொடியெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதன் மேல் மலையின் செம்மண் படிந்தால், வால்வை உட்கார வைக்கத் தேய்ப்போமே, அந்த லேப்பிங் பேஸ்ட் மாதிரி ஆகிவிடும். சைக்கிளுக்கென்று விற்கும் செயின் எண்ணெயை ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் மிதித்துச் சுற்றி, வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும், வெளியே பளபளக்க வேண்டியதில்லை. மண்ணெண்ணெயில் செயின் கழுவும் வழக்கம் தவறில்லை. கழற்றிக் கழுவி, முழுவதும் உலர்ந்த பிறகு மாட்டுங்கள். வண்டியிலேயே வைத்துத் தெளித்தால் டிஸ்கில் பட்டுவிடும். டிஸ்கிலும் பேடிலும் எண்ணெய் பட்டால் பிரேக் போச்சு. ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைத்து எண்ணெயிட்டு, சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். அன்றைக்கும் டிஸ்கில் மட்டும் பொட்டு வைக்காதீர்கள். எங்கள் தெருவிலேயே ஒரு வண்டி பண்டிகைக்கு மறுநாள் பிரேக் பிடிக்காமல் சுவரில் மோதியது.

எண்ணெயின் அழுத்தத்தால் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக்கிலும் எந்த எண்ணெய் என்று பார்க்க வேண்டும். ஷிமானோ, டெக்ட்ரோ கம்பெனிகளின் பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஸ்ராம் கம்பெனியின் பிரேக்குகள் பலவற்றுக்கு மோட்டார்சைக்கிள் பிரேக்கில் ஊற்றும் வகையான டாட் எண்ணெய், அண்மையில் வந்த சிலவற்றுக்கு மினரல் ஆயில். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டுவிடும். எது வேண்டும் என்று பிடியின் மேல் மூடியிலோ உடலிலோ எழுதியிருக்கும். நண்பர் சொன்னார் என்று மோட்டார்சைக்கிள் பிரேக் எண்ணெயை மினரல் ஆயில் வண்டியில் ஊற்றியவரை நான் அறிவேன். இரண்டு பிரேக்கையும் முழுதாக மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே, ஐயா, தங்கள் கட்டுரையின் அந்த வரிக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்படி எழுதினால் போதும்: 'ரெசின் பேட் மட்டும்' என்று டிஸ்கில் பொறித்திருந்தால் உலோகப் பேட் போடக் கூடாது, போட விரும்பினால் அதற்குத் தகுந்த டிஸ்கையும் சேர்த்து மாற்ற வேண்டும், எந்தப் புதுப் பேட் போட்டாலும், அது டிஸ்கோடு படிவதற்கு, மலைக்குப் போகும் முன் சமதளத் தெருவில் மிதமான வேகத்தில் ஓட்டி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடை வேகத்துக்கு இறக்குவதை இருபது முறையாவது செய்ய வேண்டும், முன் பிரேக்குக்குத் தனியாக, பின் பிரேக்குக்குத் தனியாக. டிஸ்க் கனத்தை, இரு தாடைகளால் கவ்வி அளக்கும் வெர்னியரால் அளப்பவர்கள் கவனிக்க வேண்டும். டிஸ்கின் வெளி ஓரத்தில் பேட் படாத மெல்லிய மேடு இருக்கும். வெர்னியர் தாடை அதன் மேல் உட்கார்ந்துகொண்டு டிஸ்க் நன்றாக இருப்பதாகக் காட்டும். மைக்ரோமீட்டர் இருந்தால் பேட் தேய்க்கும் பகுதியின் நடுவில் அளக்கலாம். இல்லாவிட்டால் தெரிந்த லேத் பட்டறையில் கேளுங்கள், ஒரு நிமிட வேலை, கோவையில் எந்தப் பட்டறையும் இதற்குக் காசு வாங்காது. பேடின் தேய்மானப் பொருள் அரை மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும் என்பது ஷிமானோ சொல்லும் எல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரிப் பக்கம் போவதென்றால் நான் ஒரு மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுகிறேன். ஈர மண்ணில் ரெசின் பேட் ஒரே நாளில் பாதி தேய்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள். புது மாடல் சைக்கிள்களுக்கு அரைப்பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதில் ஒரு மூலையில், அந்த வண்டியின் டிஸ்க் எந்தப் பேடுக்கு உரியது, பிரேக்கில் எந்த எண்ணெய், ஹேங்கர் தனியாகக் கிடைக்குமா என்ற மூன்று விவரங்களையும் சேர்த்துப் போடுங்கள். ஃபிரேமின் நிறத்தைவிட வாங்குபவருக்கு இவைதான் தேவை. ஹேங்கர் வண்டிக்கு வண்டி வேறு. கிடைக்காத ஹேங்கருக்காக ஒரு நல்ல வண்டி நான்கு மாதம் மொட்டைமாடியில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

விபத்துக்குப் பிறகு சனிக்கிழமை மாலைகளில் எங்கள் குழுவினர் என் வீட்டு வாசலுக்கு வண்டிகளைக் கொண்டுவருகிறார்கள். முதல் சனிக்கிழமை பதினொரு வண்டிகளின் டிஸ்கைத் துடைத்துப் படித்தோம். நான்கில் 'ரெசின் பேட் ஒன்லி' என்றிருந்தது. அந்த நான்கில் இரண்டு வண்டிகள் உலோகப் பேடோடு ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று, பையனுக்கு ஆலோசனை சொன்ன அதே பெரியவர் தம் மனைவிக்கு வாங்கிக் கொடுத்தது. அவர் ஒன்றும் பேசாமல் ஆலன் கீயை எடுத்து அங்கேயே பேடைக் கழற்றினார்.

பையனுக்கு இன்னும் மாவுக்கட்டுப் பிரிக்கவில்லை. உலோகப் பேடுக்குத் தகுந்த புது டிஸ்க் வாங்கி வந்திருக்கிறான். நேற்று மாலை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நான் டிஸ்கைப் பிடித்துக்கொள்ள, இடது கையால் மைக்ரோமீட்டரைத் திருகி மூன்று இடங்களில் அளந்தான். 1.79, 1.80, 1.79. பெட்டியின் மேல் தேதியோடு எழுதி வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தரப்பரிசோதகர்,
கணபதி, கோயம்புத்தூர்.
(பெயர் வெளியிட வேண்டாம்)